ஆலாத் திட்டு

அம்பலவாணன் மூன்று மாதமாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க வழியில நடக்கணும் சாமி. அதுக்கு நான் என்ன செய்யணும்?"

சாமி சிரிப்பார். சொம்பை எடுத்துத் தண்ணீர் குடிப்பார். "சாப்பிட்டீங்களா ஐயா?" என்பார். கேள்வி அப்படியே நிற்கும்.

சாமிக்கு நாற்பத்தைந்து வயது. துறவுக்கு வருமுன் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அம்பலவாணனுக்கு அறுபத்து மூன்று. மாவட்ட நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். வயதில் மூத்தவர் என்பதால் சாமி அவரை 'ஐயா' என்றும் 'நீங்க' என்றும்தான் அழைப்பார். அம்பலவாணனுக்கு உடம்பு கூசும். நீ, வா, போ என்று கூப்பிடச் சொல்லி எத்தனையோ தடவை கெஞ்சிப் பார்த்துவிட்டார்.

"வாய் வரலையே ஐயா" என்பார் சாமி.

விடியற்காலையில் சாமி குளித்துவிட்டு வரும்போது மடத்துச் சிமெண்டுத் தரையில் ஈரப் பாதங்கள் பதியும். அவை காய்வதற்குள் அம்பலவாணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஒவ்வொன்றாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஒரு நாளும் தவறியதில்லை. மடத்தைப் பெருக்க வரும் பெண், "ஜட்ஜையா இருக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் ஈரம் துடைக்கிற வேலை எனக்கு மிச்சம்" என்று சொல்லிச் சிரிப்பாள். அவர் அதையும் பெருமையாகவே எடுத்துக்கொண்டார்.

பங்குனி மாதம் ஒரு வியாழக்கிழமை மறுபடியும் கேட்டார். அன்றைக்குச் சாமி சொம்பை எடுக்கவில்லை.

"நாளைக்குக் காலையில கழிமுகத்துக்குப் போறேன். வர்றீங்களா?"

"அங்கே என்ன சாமி?"

"ஆலாப் பறவை முட்டை வெச்சிருக்காம்."

ஆறு கடலில் சேரும் இடத்தில் நீண்டு கிடக்கும் மணல் திட்டு அது. ஒரு பக்கம் அலையாத்திக் காடு, மறுபக்கம் கடல். பறவைகளுக்கான காப்பிடமாக அதை வைத்திருந்தார்கள். வாசல் கொட்டகையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. சாமி தன் பெயரை மட்டும் எழுதினார். அம்பலவாணன் 'மாவட்ட நீதிபதி (ஓய்வு)' என்பதையும் சேர்த்து, எழுத்துப் பிசகாமல் எழுதிக் கீழே கோடும் போட்டார்.

சேலைக்கு மேலே காக்கிச் சட்டை போட்டிருந்த பெண் அதை எட்டிப் பார்த்தாள்.

"ஜட்ஜா? ஆத்தாடி! இன்னிக்குப் பார்த்துத்தான் பேசணும்."

அவள் பெயர் அஞ்சலாட்சி. முப்பது வயது இருக்கும். முகத்துவாரத்து மீனவர் குப்பத்துக்காரி. நாலு வருஷமாகத் திட்டுக்கு அவள்தான் காவல். படகும் அவளே தள்ளினாள். ஆழமில்லாத இடத்தில் கழியை ஊன்றி, எதிர்க்காற்றில் ஏறிப் போனாள்.

"செருப்பு படகுலயே இருக்கட்டும்" என்றாள். "திட்டுல நான் முன்னால போவேன். என் காலடிக் குழியிலதான் சாமி காலு வெக்கணும். சாமி வெச்ச இடத்துலயேதான் ஐயா வெக்கணும். புதுசா ஒரு அடி மண்ணுல விழக் கூடாது."

"அவ்வளவு கெடுபிடியா?" என்றார் அம்பலவாணன்.

"ஆலா கூடு கட்டாது ஐயா. நெஞ்சால மண்ணைக் கொஞ்சம் பறிக்கும், அதுலயே போட்டுடும். முட்டையும் மண்ணு நிறம். முகத்துக்கு நேரா இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. நான் விடிஞ்சதும் தவழ்ந்து தவழ்ந்து தேடி, ஒவ்வொண்ணு பக்கத்துலயும் ஒரு சிப்பியைக் குத்தி வெப்பேன். நாற்பத்தொரு கூடு இருக்கு. எது நான் வெச்ச சிப்பி, எது கடல் வெச்ச சிப்பின்னு எனக்கு மட்டும்தான் தெரியும்."

"கெட்டிக்காரிதான்."

"கெட்டிக்காரி என்ன, சின்னப் பிள்ளையில பாவாடை நிறைய முட்டை பொறுக்கினவதானே நான்! எங்க ஊரே ஆம்லெட் போட்டுத் தின்னுச்சு." கழியை இழுத்து மறுபக்கம் ஊன்றினாள். "போன வருஷம் வரைக்கும் திட்டுல ஆளையே விட மாட்டாங்க. இந்த வருஷம்தான் ஃபாரஸ்ட் ரேஞ்சர் என் காலை நம்பி விட்டிருக்காரு. ஒரு முட்டை உடைஞ்சாலும் எல்லாத்தையும் நிறுத்திடுவேன்னு சொல்லித்தான் விட்டாரு. உன்னையும் சேர்த்துத்தான்னாரு. நாளைக்கு எங்க குப்பத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வருதுங்க. முதல் தடவை. முட்டையைத் தின்னாம பார்க்கப் போகுதுங்க!"

சாமி சிரித்தார்.

திட்டில் இறங்கியதும் பறவைகள் எழுந்தன. வெள்ளை உடம்பு, கறுத்த தலை, மஞ்சள் மூக்கு. நூறு கத்தரிக்கோல்களை ஒரே நேரத்தில் திறந்து மூடுவது போலத் தலைக்கு மேலே கத்தின.

அஞ்சலாட்சி குட்டை. எடுத்து வைக்கும் எட்டும் குட்டை. உயரமான சாமி வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு, அவள் எட்டுக்குத் தன் எட்டைச் சுருக்கி, அவள் குழிகளில் காலை வைத்துப் போனார்.

அம்பலவாணன் காலைத் தூக்கினார். எதிரே மணலில் சாமியின் பாதம் பதிந்திருந்தது. கட்டை விரல் சற்று விலகி நிற்கும் அந்தப் பாதம். தினம் குனிந்து கண்ணில் ஒற்றிக்கொள்ளும் அதே பாதம்.

அதன் மேல் எப்படிக் காலை வைப்பது?

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. பிறகு ஒரு சாண் இடப்பக்கம் தள்ளி இறங்கியது. அடுத்த அடியும் அப்படித்தான். சாமியின் சுவடு ஒன்றுகூடக் கலையாமல், அதற்கு ஓரமாகவே நடந்தார். மனசுக்குள் ஒரு நிறைவுகூட இருந்தது.

எட்டாவது அடியிலோ ஒன்பதாவது அடியிலோ, இடது கால் விரல்களுக்குக் கீழே ஏதோ மெல்லியது நொறுங்கியது. பறவைக் கூச்சலில் காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கால்தான் கேட்டது. வெதுவெதுப்பாக ஈரம் பரவியது.

குனிந்து பார்த்தார். ஒன்று இல்லை, இரண்டு. மணல் நிற ஓட்டில் பழுப்புப் புள்ளிகள். மஞ்சள் கரு விரலிடுக்கில் வழிந்தது.

நிமிர்ந்து பார்த்தார். முன்னால் இரண்டு முதுகுகள் போய்க்கொண்டிருந்தன. யாரும் திரும்பவில்லை.

கட்டை விரலால் மணலைத் தள்ளி மூடினார். போதாது என்று தோன்றியது. இன்னொரு தடவை தள்ளினார். பிறகு நடந்தார்.

அதற்குப் பிறகு அவர் ஓர் அடிகூட விலகவில்லை. சாமியின் ஒவ்வொரு சுவட்டிலும், குதிகால் மேல் குதிகால் பொருந்த, அழுத்தி வைத்து நடந்தார்.

ஒரே ஓர் ஆலா மட்டும் கூட்டத்தை விட்டு அவரோடு வந்தது. உச்சந்தலைக்கு நேராக இறங்கும், கத்தும், ஏறும், மறுபடி இறங்கும். துண்டைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டார்.

அஞ்சலாட்சி திரும்பிப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தாள். "அதுக்கு ஐயா மேலதான் என்னமோ கோபம். கோர்ட்டுல தீர்ப்பைத் தப்பாச் சொல்லிட்டீங்களா?"

அம்பலவாணன் சிரிக்க முயன்றார்.

ஓர் இடத்தில் மூவரும் குந்தி உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியிருந்தது. தூரத்தில் ஓர் ஆலா தண்ணீரில் வயிற்றைத் தோய்த்துவிட்டுப் பறந்து வந்து, மணலில் மெல்ல உட்கார்ந்தது.

"முட்டையைக் குளிர வைக்குது" என்று கிசுகிசுத்தாள் அஞ்சலாட்சி. "வெயில்ல முட்டை வெந்துடும்ல? நாள் முழுக்க இப்படித்தான். போகும், நனைஞ்சுட்டு வரும், உட்காரும்."

சாமி வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அம்பலவாணன் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது வந்த வழியில் வரவில்லை. தண்ணீர் வடிந்து கிடந்த ஈர ஓரமாகவே அழைத்து வந்து அவர்களைப் படகில் உட்கார வைத்தாள். "நான் மட்டும் ஒரு தடவை வழியைப் பார்த்துட்டு வந்துடறேன். ஆள் போயிட்டு வந்தா, ஒவ்வொரு தடவையும் பார்த்துடுவேன்" என்று போனாள்.

படகிலிருந்து பார்த்தால் அவள் காக்கிச் சட்டை தெரிந்தது. நடந்தது, நின்றது, குனிந்தது. பிறகு மண்டியிட்டது. எழுந்திருக்க வெகு நேரமாயிற்று.

வந்தபோது கையில் ஒரு சிப்பி இருந்தது.

"ரெண்டு முட்டை. போச்சு சாமி."

சாமி எழுந்து நின்றார்.

"வழியை ஒட்டின கூடு. நேத்து ஏறின தண்ணியில கீழ்ப் பக்கம் கரைஞ்சு போச்சுன்னு வழியைக் கொஞ்சம் மேல தள்ளினேன். இன்னும் சுத்திப் போயிருக்கணும். ஒட்டிப் போயிட்டேன். காத்துல சுவடெல்லாம் கலைஞ்சு கிடக்கு, உடைஞ்சது மேலயும் காத்து மண்ணை மூடியிருக்கு." சிப்பியை விரலால் தேய்த்தாள். "சாமி என் குழியிலதான் வெச்சாங்க, நான் திரும்பிப் பார்த்தேன். ஐயா, நீங்களும் அப்படித்தானே வந்தீங்க?"

"ஆமாம்மா" என்றார் அம்பலவாணன்.

முப்பது வருஷமாக, கூண்டில் நின்றவர்கள் வாயால் அவர் கேட்ட சொல் அது. தயங்கித் தயங்கி வரும் 'ஆமாம்' அவரை உறுத்தியதே இல்லை. தயங்காமல் வருவதைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார். அவருடையது தயங்காமல் வந்தது.

"அப்போ நான்தான்" என்றாள் அஞ்சலாட்சி.

கழியை எடுத்தாள். படகு நகர்ந்தது. பாதி தூரம் வந்த பிறகு அவளாகவே சொன்னாள்: "இங்கே டவர் கிடைக்காது. கரையேறினதும் ரேஞ்சருக்குச் சொல்லிடறேன். நாளைக்குப் பிள்ளைங்க வர வேண்டாம்னும் சொல்லணும்." பிறகு தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். "மிதிச்சது எப்படித் தெரியாம போச்சு? நாலு வருஷத்துல இப்படி ஆனதே இல்லை. இந்தக் காலை வெச்சுக்கிட்டு இனிமே யாரைக் கூட்டிப் போறது?"

அம்பலவாணன் இடது பாதத்தை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார். மஞ்சள் கரு காய்ந்து, தோலை இறுக்கிப் பிடித்தது. மனசுக்குள் வாக்கியங்கள் ஓடின. தெரியாமல் நடந்துவிட்டது. உள்நோக்கம் ஏதும் இல்லை. சந்தர்ப்ப சூழ்நிலை. எல்லாமே எப்போதோ வக்கீல்கள் அவர் முன்னால் சொன்னவை.

கடைசியில் வாய் திறந்தார்.

"ரேஞ்சர்கிட்ட வேணா நான் பேசறேம்மா. நான் சொன்னா கேப்பாரு."

அஞ்சலாட்சிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எனக்காக நீங்க எதுக்கு ஐயா அலையணும்? நல்ல மனசு ஐயா உங்களுக்கு."

சாமி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

படகுத்துறையில் சேற்றில் இறங்கி ஏறியதில் மூவர் காலிலும் முழங்கால் வரை சேறு. அங்கே ஒரு நீலப் பீப்பாயில் நல்ல தண்ணீரும் ஒரு பிளாஸ்டிக் மக்கும் இருந்தன. "கழுவிக்குங்க, உப்பு அரிக்கும்" என்று சொல்லிவிட்டு அஞ்சலாட்சி போனைத் தலைக்கு மேலே பிடித்தபடி துறையின் கோடிக்கு நடந்தாள்.

வழக்கம்போல அம்பலவாணன்தான் மக்கை எடுத்தார். சாமி கல்லில் உட்கார்ந்து கால்களை நீட்டினார். விரல் விரலாகச் சேற்றைக் கழுவி, தன் துண்டால் துடைத்துவிட்டார் அம்பலவாணன். இன்றைக்குக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் குனிந்தவர், பாதியில் நிமிர்ந்துவிட்டார்.

சாமி அவர் கையிலிருந்து மக்கை வாங்கினார். பீப்பாயில் மொண்டார்.

"உட்காருங்க ஐயா. காலை நீட்டுங்க."

"ஐயோ சாமி! என்ன இது?"

"சேறா இருக்கே."

"நானே கழுவிக்கறேன். நீங்க போய் என் காலை..."

"நீட்டுங்க."

அம்பலவாணன் நின்றுகொண்டே இருந்தார். வேட்டி நுனி இடது பாதத்தை மூடியிருந்தது. மக்கில் தண்ணீர் ஆடாமல் இருந்தது.

"சாமி" என்றார். "நான்தான் சாமி. மிதிச்சது நான்தான். மூடினதும் நான்தான்."

சாமி துறையின் கோடியைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணுக்கு டவர் கிடைச்சிடுச்சு போல ஐயா."

அம்பலவாணன் ஓடினார். அறுபத்து மூன்று வயதில், வெறுங்காலோடு, ஆடும் பலகைகளின் மேல், வேட்டி தடுக்கத் தடுக்க ஓடினார்.

"அம்மா! நில்லும்மா! சொல்லாதே!"

அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். உள்ளே யாரோ "ஹலோ, ஹலோ" என்றார்கள்.

"நீ இல்லை. நான். உன் குழியில நான் காலை வெக்கவே இல்லை. ஓரமா நடந்தேன். மிதிச்சேன். காத்து மூடலை, நான்தான் மூடினேன்."

வேட்டியைத் தூக்கி, சேற்றைக் கையால் வழித்து, மஞ்சள் காய்ந்திருந்த பாதத்தைக் காட்டினார்.

அஞ்சலாட்சி அதைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நான் கேட்டேனே."

"கேட்டே."

"ஆமான்னீங்களே."

அவர் வேட்டியைக் கீழே விட்டார்.

"அங்கேயிருந்து இவ்வளவு தூரம் என் காலையே பார்த்துக்கிட்டு வந்தேன் ஐயா. நீங்களும் எதிர்லதான் உட்கார்ந்திருந்தீங்க." மூச்சை இழுத்துவிட்டாள். "ஏன் ஓரமா நடந்தீங்க? குழி எட்டலையா?"

"சாமியோட காலடிம்மா அது. அதைப் போய் நான் மிதிக்கலாமா?"

அவளுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. அதில் சிரிப்பு இல்லை.

"மரியாதையா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்த ஆலா மறுபடியும் முட்டை வெக்குமா?" என்று கேட்டார்.

"வெச்சாலும் வெக்கும், வெக்காட்டியும் போகும். என்கிட்ட சொல்லிட்டா செய்யும்? இன்னும் ரெண்டு நாளைக்கு வயித்தை நனைச்சுட்டு வந்து அந்த இடத்துலயே உட்காரும். அது மட்டும் தெரியும்."

"நான் ஏதாவது செய்யணும்னா..."

"அந்தப் பக்கம் வராம இருங்க." போனை அவர் கையில் வைத்தாள். "இதை நீங்களே அவருகிட்ட சொல்லுங்க."

அம்பலவாணன் போனைக் காதில் வைத்தார்.

"யார் பேசறது?" என்றார் ரேஞ்சர்.

"அம்பலவாணன்."

"அம்பலவாணன்னா? எந்த அம்பலவாணன்?"

"பேரு அவ்வளவுதான் சார்" என்றார். பிறகு ஒன்று விடாமல் சொன்னார். மண்ணை இரண்டு தடவை தள்ளியதையும், 'ஆமாம்மா' என்றதையும், ரேஞ்சரிடம் பேசுவதாகப் படகில் சொன்னதையும்கூடச் சொன்னார். சொல்லி முடித்துப் போனை அவளிடம் கொடுத்தார்.

அவள் கேட்டுக்கொண்டாள். "சரி சார். சரி சார்" என்று வைத்தாள்.

"பிள்ளைங்க?" என்றார் அம்பலவாணன்.

"நாளைக்கு அவரே வர்றாராம். முதல்ல என் பின்னால அவரு நடந்து பார்ப்பாராம். நான் ஒழுங்காப் போறேனான்னு." போனை முந்தானையில் துடைத்தாள். "நாலு வருஷம் கழிச்சு எனக்குப் பரீட்சை."

அவரைத் தாண்டி நடந்து போய்ப் படகைக் கட்ட ஆரம்பித்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அம்பலவாணன் மெல்ல நடந்து வந்தார். சாமி அதே இடத்தில், நிறைந்த மக்கோடு உட்கார்ந்திருந்தார்.

இந்தத் தடவை அவர் மறுக்கவில்லை. கல்லில் உட்கார்ந்து இடது காலை நீட்டினார். சாமி தண்ணீரை ஊற்றினார். சேறு போயிற்று. காய்ந்த மஞ்சள் எளிதில் போகவில்லை. கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தார். விரலிடுக்கில் ஓட்டுத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. அதை எடுத்து, கீழே போடாமல் கல்லின் மேல் வைத்தார்.

அம்பலவாணன் அந்தத் துணுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க சுவட்டை மிதிச்சுடக் கூடாதுன்னு நினைச்சேன் சாமி. வேற ஒண்ணும் நினைக்கலை."

சாமி இன்னொரு மக்குத் தண்ணீர் மொண்டார்.

"அங்கே என் சுவடு ஏது ஐயா? நான் அந்தப் பொண்ணு சுவட்டுலதானே வெச்சுட்டு வந்தேன்."